பூனையின் தபசு

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் பல்லவச் சிற்பி ஒரு பூனையையும் செதுக்கியிருக்கிறான். தபசியைப் போலவே அதுவும் கைகளை உயர்த்தி நிற்கிறது, காலடியில் எலிகள். கோலத்தைக் கொண்டு மனத்தை எடைபோட முடியாது என்பதற்கு இது போதும்.

மனோவைத்திய நூல்கள் பெரும்பாலும் கோலத்தையே பார்க்கின்றன என்பது என் கட்சி. பிறர் சாகத் தான் பிழைத்த குற்ற உணர்வை, பேராபத்துக்குப் பின் வரும் மனநோயின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனோவைத்தியர் சங்கத்தின் கையேடு 1980-ல் சேர்த்தது. 1987-ல் அந்த இடத்திலிருந்து எடுத்தது. 2013-ல் குற்ற உணர்வும் வெட்கமும் பட்டியலில் ஏறின. மனச்சோர்வின் அடையாளமாக அது சொல்வது ‘அளவுமீறிய’ குற்ற உணர்வை. எந்தப் படியால் அளப்பது?

2004 டிசம்பர் 26-ல் இந்தக் கரையில் கடல் ஏறிற்று. அன்று குழந்தையின் கையை நழுவவிட்ட தகப்பன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவன்மேல் பிழையில்லை, அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் உறுத்துகிறது. அந்த உறுத்தல் பாசத்தின் மிச்சம். அது அவன் தூக்கத்தையும் உயிரையும் தின்னத் தொடங்கினால் மருந்து வேண்டியதுதான். அதற்கு முன்னால் அவன் சொல்வதைக் கேட்க ஒருவர் வேண்டும்.

வெட்கம் வேறு; அது ஊரார் கண்ணில் பிறப்பது. செங்கற்பட்டு ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துப்போகாமல் குடும்பம் வீட்டிலேயே மறைத்துவைப்பது அதனால்தான். இதைத் தயங்காமல் போக்கலாம்.

எலியைத் தின்ற பூனை வைத்தியரிடம் வருவதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் குற்றம் செய்யாதவர்களே. அவர்களுடைய மனச்சாட்சியை வியாதி என்று சொல்ல வைத்தியர் அவசரப்படக் கூடாது.