தகட்டில் இருப்பவர் யாருடையவர்?

பழைய உருவப்படங்களைச் சேகரிக்கிறவர்களுக்கென்று ஒரு சொல்லாடல் உண்டு. தகட்டின் அளவு, உறைப்பெட்டியின் தோல், வெள்ளி எங்கே கறுத்திருக்கிறது, கீறல் உண்டா... எல்லாம் குறிப்பார்கள். படத்தில் இருப்பவர்? ‘பெயர் தெரியாதவர்’. அத்தோடு சரி.

பெயர் தெரிந்த தகடுகளையே எடுத்துக்கொள்வோம். 1850இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜோசப் ஸீலி என்கிற ஸ்டூடியோக்காரர், அடிமைப்படுத்தப்பட்ட ஏழு பேரைப் படம்பிடித்தார். எடுக்கச் சொன்னவர் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி. மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்று நிறுவ அவருக்குச் சான்று வேண்டியிருந்தது. ஆடை களையப்பட்டு நிறுத்தப்பட்டவர்களில் ரென்டியும் அவர் மகள் டீலியாவும் உண்டு. அருங்காட்சியகப் பரணில் கிடந்த தகடுகள் 1976இல் கண்ணில் பட்டன. ஒட்டியிருந்த சீட்டில் ரென்டியின் பெயர் இருந்தது. கூடவே தோட்ட முதலாளியின் பெயரும். பெயர் பிழைத்ததுகூட உடைமைக் கணக்கில்தான்.

டாகேரோடைப்பில் நெகட்டிவ் கிடையாது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை மெருகேற்றி, அயோடின் ஆவி காட்டி, படமெடுத்தபின் பாதரச ஆவியில் உருத்துலக்குவார்கள். ஒரே ஒரு தகடு. சாய்த்துப் பிடித்தால்தான் உருவம் தெரியும். நேரே பிடித்தால் பார்க்கிறவர் மூஞ்சிதான். (அகாசி எப்படிப் பிடித்தாரோ!) மூலப்பிரதி என்று ஒன்றுமே இல்லை என எழுதித் தள்ளியவர்கள் நாம். இங்கே அது இருக்கிறது, பூட்டுக்குள் இருக்கிறது. சாவி யாரிடம் என்பதுதான் தகராறு.

ரென்டியின் வழித்தோன்றல் என்ற உரிமையில் தமரா லேனியர் 2019இல் வழக்குப் போட்டார். படம் பிடிக்கப்பட்டவரின் சந்ததி என்பதால் தகடு சொந்தமாகிவிடாது, ஆனால் பட்ட மனவேதனைக்கு வழக்காடலாம் என்றது மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், 2022இல். வேதனையை ஒப்புக்கொள்கிற சட்டம் உரிமை என்றதும் கையை விரித்துவிடுகிறது. 2025 மே மாதச் சமரசத்தில், தகடுகளை விட்டுக்கொடுக்க ஹார்வர்டு இணங்கியது. சார்ல்ஸ்டனில் உள்ள சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அவை போகும் என்று அறிவிப்பு வந்தது.

ரென்டி கேமராவை நேரே பார்க்கிறார். அதை ‘எதிர்ப்பின் பார்வை’ என்று வாசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அகாசி அந்த முகத்தில் இனத்தை வாசித்தார், நாம் எதிர்ப்பை வாசிக்கிறோம். அவரை யார் கேட்டார்கள்? இந்தக் கட்டுரையோடு படம் போட வேண்டாமென்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். பெயர்களைப் போடட்டும்: ரென்டி, டீலியா, ஜாக், டிரானா, ஆல்பிரட், ஃபசேனா, ஜெம்.