இரண்டு சிலம்பு, ஏழு சிறுமியர்

பள்ளி இலக்கிய மன்ற விழாவில் சிலப்பதிகாரம் என்றால், அட்டையில் வெட்டிப் பொன்னிறத் தாள் ஒட்டிய ஒரு சிலம்பு மேசைக்கு வந்துவிடும். காப்பியத்தைப் படமும் கைவேலையுமாகப் பிள்ளைகளிடம் கொண்டுபோவது நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சிலம்பு கதையைச் சொல்லவில்லை.

கதை நிற்பது இரண்டு சிலம்புகளின் மேல். கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். வெளிப்பார்வைக்கு வேற்றுமை தெரியாததால்தான் தேவியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனின் வஞ்சகம் எடுபட்டது. பிள்ளைகளிடம் களிமண்ணைக் கொடுத்து ஒன்றுபோல இரண்டு சிலம்பு செய்யச் சொல்லலாம்: ஒன்றின் உள்ளே வெள்ளை மணி, மற்றதில் சிவப்பு மணி. காய்ந்த பின் எது யாருடையது என்று கேட்டால் வகுப்பே திணறும். உடைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியனின் பிழை எவ்வளவு பெரியது என்பது அந்தத் திணறலில் விளங்கிவிடும். கைவேலையின் உண்மையான வலிமை இதுதான். கதையின் முடிச்சைக் கை தொட வேண்டும். முடிச்சைத் தொடாத கைவேலை வெறும் அலங்காரம். அதிலும் பாதியை முதல்நாள் இரவு அம்மா அப்பாவே ஒட்டி முடித்திருப்பார்கள். மறுநாள் பாடவேளை முழுவதும் காட்சிக்கு வைப்பதிலேயே கழியும், நூலைத் திறக்க நேரமிருக்காது.

படங்களின் கணக்கு வேறு. 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை, புராணமும் காப்பியமும் அறியாத எத்தனையோ வீடுகளுக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கண்ணகி கதையும் அதில் வந்தது. அந்த உதவியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரக்கர் கறுப்பு, நாயகர் வெளுப்பு என்று அது பழக்கிய நிறக்கணக்கையும் மன்னிக்க மாட்டேன். ஒருமுறை கண்ணில் பதிந்த முகத்தை மாற்றுவது கடினம். 1968-இல் மெரினாவில் சிலை வைத்த பிறகு, கையை ஓங்கி நிற்கும் கண்ணகிதான் கண்ணகி. மாதவியிடமிருந்து மீண்டு வந்த கணவனிடம் சிலம்பை எடுத்துக் கொடுத்த, அதிகம் பேசாத பெண்ணை யாரும் வரைவதில்லை.

பிள்ளைகளே வரையும்போது நிலைமை மாறுகிறது. சம்ஹிதா அர்னி எட்டு வயதில் எழுதவும் வரையவும் தொடங்கிய மகாபாரதத்தைச் சென்னையின் தாரா பதிப்பகம் 1996-இல் வெளியிட்டது. யாரை எப்படிக் காட்டுவது என்று அங்கே ஒரு குழந்தை தானே முடிவெடுத்தது.

கண்ணகி தன் மார்பைத் திருகி எறியும் இடத்தைச் சிறுவர் பதிப்புகள் தாண்டிப் போவதை ஏழு வயதுக்கு ஏற்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் மறைப்பது, மதுரை ஏன் எரிந்தது என்பதையே மறைப்பதாகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, ஓசை காணாமல் போவது. வங்கத்துச் சுருள் ஓவியர்களான பட்டுவாக்கள் படச்சுருளை விரிக்கும்போதே பாடுவார்கள். படத்துக்குப் பாட்டு துணை. நம் பதிப்புகளில் பெரும்பாலும் படமும் உரைநடைச் சுருக்கமும் மட்டுமே இருக்கின்றன, இளங்கோவின் ஓர் அடிகூட இருப்பதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கான ஆட்டத்தை இளங்கோவே வைத்திருக்கிறார். ஆய்ச்சியர் குரவையில், கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர்குல மூதாட்டி மாதரி ஏழு சிறுமியரை வட்டமாக நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டுகிறாள். பத்துப் பைசா செலவில்லை. பசை, கத்தரிக்கோல் வேண்டாம். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை என்ற தீக்குறிகளுக்கு அஞ்சி, கண்ணகி காணவென்று ஆடும் குரவை அது. முந்தைய காதையிலேயே அவள் கணவன் கோவலன் வெட்டுண்டுவிட்டான். ஆடுகிறவர்களுக்கோ கண்ணகிக்கோ அது தெரியாது. ஏழு பிள்ளைகளை அப்படி ஆடவிட்டு, ஆட்டம் முடிந்த கையோடு அடுத்த காதையான துன்ப மாலையின் தொடக்கத்தை ஆசிரியர் உரக்க வாசிக்கலாம். பொருள் சொல்வது அப்புறம் இருக்கட்டும்.