கணக்குத் தெரிந்தவருக்குத் தரும் பரிசு

பின்னத் தெரியாதவருக்குக் கையால் பின்னிய காலுறையைக் கொடுத்தால், அதைக் கடைக் காலுறையோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பார். பின்னுபவரிடம் அது நடக்காது. மெல்லிய நூலில் சுற்றுக்கு 64 கண்ணி போட்டு, கணுக்காலுக்கு மேல் 60 சுற்று பின்னினாலே 3,840 கண்ணி ஆகிவிடும். குதிகாலும் பாதமும் அதற்குப் பிறகுதான். இன்னொரு கால் வேறு காத்திருக்கிறது. இந்தக் கணக்குத் தெரிந்த நண்பர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கொடுத்துக்கொள்ளும் பரிசுக்கு அந்த அறிவே பலம். சிக்கலும் அதில்தான் பிறக்கிறது: உழைப்பின் அளவு தெரிந்தவருக்குக் கடனின் அளவும் தெரிந்துவிடுகிறது. பரிசோடு திருப்பித் தரும் கட்டாயமும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதினார். நம்மூர் மொய் நோட்டைப் பார்த்திருந்தால் அவருடைய வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். மொய்யிலாவது தொகை எழுதப்பட்டிருக்கும். திடீர்ப் பரிசில் தொகையும் கிடையாது, தவணையும் கிடையாது.

இந்தக் கடனைத் தளர்த்த, ஆங்கிலம் பேசும் நாடுகளின் பின்னல் வட்டங்கள் 2000களில் ஒரு வழி கண்டன. ‘சீக்ரெட் பால்’ என்ற அந்த ஏற்பாட்டில், ஒருவர் யாருக்கு அனுப்புகிறாரோ அவரிடமிருந்தே பெற வேண்டியதில்லை. அனுப்புபவரின் பெயரும் கடைசியில்தான் வெளிப்படும். கடன் மூன்றாமவருக்கு நகர்ந்துவிடுவதால் முகம் பார்த்துக் கணக்குப் பார்க்கும் சங்கடம் குறைகிறது. தொடங்கும் முன்பே பிடித்த நிறம் எது, எந்த ஊசி பழக்கம், கம்பளி ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டுவிடுவார்கள். கேட்டுவிட்டுக் கொடுப்பதில் என்ன வியப்பு என்று ஒருவர் மடக்கலாம். ஆனால் ஆட்டுக்கம்பளி பட்டாலே தோல் அரிப்பவருக்கு மெரினோ நூலை அனுப்பி வியக்கவைப்பதை வியப்பில் சேர்க்க முடியாது. எப்போது வரும், எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்ற எதிர்பார்ப்பு, விருப்பத்தைச் சொன்ன பிறகும் மிஞ்சுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு பொருளியலிலிருந்து வருகிறது. பண்டிகைப் பரிசுகளின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, பெறுபவரின் மதிப்பில் காணாமல் போகிறது என்று பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகெல் 1993-இல் கணக்கிட்டார். மன நெகிழ்வை ஒதுக்கிவைத்துவிட்டு மதிப்பைச் சொல்லும்படி அவர் மாணவர்களிடம் கேட்டிருந்தார். பின்னல் பரிசில் அதை ஒதுக்கினால் மிச்சம் அதிகமில்லை என்பதால் அந்த விகிதம் இங்கே அப்படியே செல்லாது. அதற்காக முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. பின்னுபவர்களில் பலரின் பெட்டியில் ஏற்கெனவே பின்னித் தீராத நூல் கிடக்கிறது. பரிசாக வருகிற நூல் சிட்டமும் அந்தக் குவியலில் ஏறலாம், பூச்சியையும் கூட்டிவரலாம்.

ஆகவே என் தயக்கமெல்லாம் அளவைப் பற்றியதுதான். 100 கிராம் காலுறை நூல் ஏறத்தாழ 400 மீட்டர் ஓடும். ஒரு ஜோடிக்குப் போதும். என்றும் நீலமே வாங்குபவர் கைக்குக் கடுகு மஞ்சள் போய்ச்சேர்ந்தால் அவர் வழக்கம் கொஞ்சம் அசையக்கூடும். அசையாவிட்டாலும் நட்டம் ஒரு சிட்டம்தான். ஸ்வெட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. மார்பளவு தெரியாமல் பின்னுவது சூதாட்டம், ரகசியமாகத் தெரிந்துகொள்வது அதைவிடத் தர்மசங்கடம். அதற்கு வேண்டிய நூலை அரைகுறையாகக் கொடுப்பதும் உபகாரமல்ல, சாயத் தொகுதி மாறினால் நிறம் பொருந்தாது. நூலில் சுற்றிய தாள் பட்டையைக் கிழிக்காமல் கொடுப்பவரை நான் விவரம் தெரிந்தவர் என்பேன். இழை, நீளம், சாய எண் எல்லாம் அதில் இருக்கும். பெற்றவர் இன்னொரு சிட்டம் தேடி வாங்கலாம், பிடிக்காவிட்டால் வேறொரு நண்பருக்குத் தள்ளியும் விடலாம்.