நடுநிலை வாக்காளரும் ஐக்கிய தேசியக் கட்சியும்: ஊவாவை முன்வைத்து ஒரு விமர்சனம்

பழைமை பேணும் ஓர் அரசியற் கட்சி, தன் வழமையான ஆதரவாளரின் வட்டத்தைக் கடந்து, நாடு முழுவதிலுமுள்ள நடுநிலை வாக்காளரைத் தன்பால் ஈர்க்க வல்லதா என்பது சனநாயக நாடுகள் பலவற்றிலும் எழுப்பப்பட்டு வரும் வினாவாகும். இலங்கையைப் பொறுத்தவரை இவ்வினா ஐக்கிய தேசியக் கட்சியைச் சுற்றியே எழுகின்றது. 1946இல் டி. எஸ். சேனாநாயக்கவின் தலைமையில் தோன்றிய அக்கட்சி, நிலவுடைமையாளர், வர்த்தகர், ஆங்கிலங் கற்ற உயர் வகுப்பினர் ஆகியோரின் நலன்களைப் பேணி நின்றது. தனியார் சொத்துரிமை, மேலை நாடுகளுடனான நட்பு, படிப்படியான மாற்றம் என்பனவே அதன் அடிப்படைகள். 1947 முதல் பலமுறை ஆட்சியமைத்த இக்கட்சிக்கு 2020 பொதுத் தேர்தலிற் கிடைத்தவை 2.15 சதவீத வாக்குகளும் ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனமுமே.

இவ்வீழ்ச்சிக்குப் பொதுவாக இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. பெரும்பான்மை இனத்தின் உணர்வுகளோடு போதிய அளவு ஒன்றாமையே கட்சியின் தோல்விக்குக் காரணம் என்பர் ஒரு சாரார். கட்சி பிளவுபட்டதும் தலைமை தன் பிடியைத் தளர்த்தாததுமே காரணம் என்பர் மற்றொரு சாரார். முதலாவது கூற்றை வரலாறு மறுக்கின்றது. இரண்டாவது கூற்று நோயின் இறுதிக் கட்டத்தை மட்டுமே விளக்குகின்றது. கட்சி நடுநிலை வாக்காளரைப் பெற்றதா என்பதிலும் பார்க்க, எவ்வாறு பெற்றது என்பதே ஆராயப்பட வேண்டியதாகும். அதற்கு ஊவா மாகாணம், சிறப்பாக வெலிமடைப் பிரதேசம், தக்கதோர் உரைகல்லாக அமைகின்றது.

நுவரெலியாவிலிருந்து பதுளை நோக்கி இறங்கும் பாதையில் அமைந்த வெலிமடையில் மூன்று சமூகங்கள் ஒன்றையொன்று அண்டி வாழ்கின்றன. உமா ஓயாவின் பள்ளத்தாக்குகளில் நெல்லும் உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் பயிரிடும் சிங்களக் கமக்காரர் ஒருபுறம். சரிவுகளிலே தேயிலைத் தோட்டத்து லயன்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் மறுபுறம். நகரிலே முஸ்லிம், தமிழ் வர்த்தகர். நடுநிலை வாக்காளர் எனப்படுவோர் கருத்தற்றோர் அல்லர். அரிசியின் விலை, பசளை, நாட்சம்பளம், உயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றை நிறுத்துப் பார்த்துத் தேர்தலுக்குத் தேர்தல் முடிவெடுப்போரே அவர். இத்தகையோர் இம்மூன்று சமூகங்களிலும் உளர்.

இவர்களுட் தோட்டத் தொழிலாளருக்கும் ஐக்கிய தேசியக் கட்சிக்கும் இடையிலான உறவு ஒரு பறிப்பிலிருந்தே தொடங்குகின்றது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்தின் பல தொகுதிகளை வென்றது. ஏனைய பல தொகுதிகளிலே தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைபோயின. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் இதற்குக் கட்சி அளித்த விடையாயின. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாடற்றவராயினர். இதில் ஒரு முரண் உண்டு. தொகுதிகளை வகுக்கும்போது லயன்களில் வாழ்ந்தோரின் தொகையும் கணக்கிற் சேர்க்கப்பட்டது. வாக்குரிமையோ அவர்களுக்கு இல்லை. இதனால் ஊவாவின் சிங்களக் கிராமத்தவருடைய வாக்கின் நிறை பெருகியது. வாக்காளரை வெல்வதற்குப் பதிலாக வாக்காளர் தொகுதியையே மாற்றியமைக்கும் வழியைக் கட்சி தேர்ந்தது. 1952இல் அது 54 ஆசனங்களைப் பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எனினும் அவ்வழி நெடுங்காலம் பயன் தரவில்லை. அரிசி மானியம் குறைக்கப்பட்டமைக்கு எதிராக 1953 ஓகஸ்டில் எழுந்த ஹர்த்தால் கட்சியை உலுக்கியது. டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். 1956 பெப்ரவரியிற் களனியிலே கூடிய கட்சி மாநாடு, அதுவரை சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து என்றிருந்த நிலையைக் கைவிட்டுச் ‘சிங்களம் மட்டும்’ என்ற கோரிக்கையை ஏற்றது. எதிரணியின் சுலோகத்தைத் தனதாக்கினால் எதிரணியின் வாக்குகளும் தன்னை வந்தடையும் என்பது கட்சித் தலைமையின் கணக்கு. அவ்வாண்டுத் தேர்தலிற் கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் 95இல் 8 மாத்திரமே. வெலிமடை வாக்காளர், மொழித் தீவிரவாதத்தை வெளிப்படையாகவே முன்னெடுத்த கே. எம். பி. ராஜரத்னவைத் தெரிந்தனர். மூலப் பிரதி கையிலிருக்க நகலை நாடுவார் எவருமிலர். பெரும்பான்மை உணர்வோடு ஒன்றாமையே தோல்விக்குக் காரணம் என்போர் 1956ஐ எவ்வாறு விளக்குவர்?

1965இற் கட்சி வேறொரு வழியை நாடியது. டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தத்தின் பேரில் தமிழரசுக் கட்சி ஆதரவு வழங்க, இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் உடன்நிற்க, தேசிய அரசாங்கம் அமைந்தது. அதே அரசாங்கத்தில் ராஜரத்னவின் கட்சியும் இடம்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. நடுநிலை என்பது இங்கு எதிரெதிர்ப் பக்கங்களை ஒரே கூரையின் கீழ் நிறுத்துவதாகக் கொள்ளப்பட்டதேயன்றி, அவற்றிடையே ஒரு பொது உடன்பாட்டை வளர்ப்பதாகக் கொள்ளப்படவில்லை. எனவே, வெளியே எதிர்ப்பு வலுத்தபோது மாவட்ட சபைத் திட்டம் 1968இற் கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சியும் வெளியேறியது. 1970இல் ஏனைய கட்சிகள் எவற்றிலும் கூடிய வாக்குவீதத்தைப் பெற்றிருந்தும் ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களோடு நிற்க நேர்ந்தது.

இக்கட்டத்திற் பிரித்தானியாவை ஒப்புநோக்குதல் பொருந்தும். 1945இல் தொழிற் கட்சியிடம் படுதோல்வியடைந்த பிரித்தானியப் பழைமை பேண் கட்சி, 1947இல் தன் கைத்தொழிற் கொள்கையைத் திருத்தியமைத்து, நலன்புரி அரசின் அடிப்படைகளை ஏற்று, 1951இல் ஆட்சிக்கு மீண்டது. மீண்டபின் அவ்வடிப்படைகளைப் பெரும்பாலும் பேணவும் செய்தது. தன் மரபை முற்றாகத் துறவாமலே, நடுநிலையாளர் இழக்க விரும்பாத ஒன்றுக்கு அது உறுதி அளித்தது; அவ்வுறுதியே அதன் வெற்றிக்கு அடிப்படையாயிற்று.

ஜே. ஆர். ஜெயவர்த்தனவின் தலைமையில் 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வெற்றி இதனை ஒத்தது போலத் தோன்றும். 50.9 சதவீத வாக்குகளும் 168இல் 140 ஆசனங்களும் அதற்குக் கிடைத்தன. தமிழ் மக்களின் குறைகளை அதன் தேர்தல் விஞ்ஞாபனம் ஒப்புக்கொண்டிருந்தது. 1973-74இன் பஞ்சத்திலே தோட்டங்களிற் பட்டினி கிடந்தோர், அன்றைய ஆட்சி மாறவேண்டும் என விழைந்தனர். எஸ். தொண்டமான் 1978இல் அமைச்சரானார். ஒரு பழைமை பேண் கட்சி நாடளாவிய நடுநிலை வாக்குகளைப் பெற முடியும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று இல்லை.

ஆயின் பெற்றதை அக்கட்சி எவ்வாறு பேணியது? 1979இல் உணவு மானியத்தின் இடத்தை உணவு முத்திரைகள் பிடித்தன. 1982 டிசெம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு, பொதுத் தேர்தலின்றியே பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தது. 1983 யூலை வன்செயல் பதுளை நகரையும் எரித்தது. 1977இல் வாக்களித்தோர் எதற்காக வாக்களித்தனரோ அந்தப் பாதுகாப்பே அவர்களுக்குக் கிட்டவில்லை. எனினும் தோட்ட மக்கள் தொடர்ந்தும் அக்கட்சிக்கே வாக்களித்தனர். இதனை நம்பிக்கை எனக் கொள்ளலாமா? மழைக்கு ஒதுங்கி நிற்பவரை அவ்வீட்டவர் எனக் கொள்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறாகும் அம்முடிவு. வேறு கூரை இல்லாமையே அவர்களை அங்கு நிறுத்தியது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இந்நிலைக்கு ஒரு புதிய பெறுமதியை அளித்தது. ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேற் பெற்றால் நேரடியாக வெல்வார் என்ற விதி, முன்பு எண்ணப்படாத வாக்குகளைத் தீர்மானகரமானவையாக்கியது. 1988இல் ஆர். பிரேமதாச பெற்றது 50.43 சதவீதமே. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்கள் இதே கட்சி ஆட்சியிலிருந்த காலங்களில் நிறைவேறியவை. 1948இன் அநீதியை இழைத்த கட்சியே அதனைத் துடைக்கவும் செய்தது என்பது மறுக்கவியலாத உண்மை. ஆனால் அவை தொழிற்சங்கத் தலைமைக்கும் கட்சித் தலைமைக்கும் இடையிலான பேரங்களின் விளைவாகவே பெரிதும் அமைந்தன. கட்சி தலைவரோடு பேசியது, தொழிலாளியோடு பேசவில்லை.

அப்பேரத்தின் வலு குன்றியமையை 2014-15இல் ஊவா வெளிப்படுத்தியது. 2009இல் ஊவா மாகாண சபையின் 34 ஆசனங்களில் 7ஐ மட்டும் பெற்றிருந்த ஐக்கிய தேசியக் கட்சி, ஹரின் பெர்னாண்டோவை முதன்மை வேட்பாளராக நிறுத்தி 2014 செப்டெம்பரில் 13ஐப் பெற்றது. பதுளை மாவட்டத்தில் ஆளுந்தரப்புக்கு 9, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 8. அடுத்த ஒக்டோபரிற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. தோட்டக் குடியிருப்பின் அவலம் நாட்டின் கண்முன் வந்தது. 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலிலே தொழிலாளர் காங்கிரஸ் மகிந்த ராஜபக்ஷவின் பக்கம் நின்றபோதிலும், ஐக்கிய தேசியக் கட்சி ஆதரித்த பொது வேட்பாளர் மைத்திரிபால சிறிசேன பதுளை மாவட்டத்தை 281 வாக்குகளால் வென்றார். தலைவர் காட்டிய திசையிலன்றித் தம் முடிவின்படியே பலர் வாக்களித்தனர் என்பது இதனாற் புலனாகும்.

அப்பொது வேட்பாளர் பதுளை மாவட்டத்தில் மட்டும் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். ஐக்கிய தேசியக் கட்சி 2020இல் முழு நாட்டிலும் பெற்றதும் ஏறத்தாழ அதே தொகையே. இடையில் நிகழ்ந்தது கட்சிப் பிளவு மட்டுமன்று. 2024 செப்டெம்பரில் ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து பிரிந்தோரின் தலைவரான சஜித் பிரேமதாச பதுளை மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். தொழிலாளர் காங்கிரசின் ஆதரவைப் பெற்றிருந்த ரணில் விக்கிரமசிங்க நாடளாவிய ரீதியிற் பெற்றது 17.27 சதவீதம். அவர் ஜனாதிபதியாக இருந்தபோது அவ்வாண்டு மே தினத்தில் அறிவித்த 1,700 ரூபா நாட்சம்பளம் தொழிலாளியின் கைக்கு எட்டவில்லை. இரண்டு மாதங்களுக்குள், நவம்பர் பொதுத் தேர்தலிலே பதுளையின் 9 ஆசனங்களில் 6 தேசிய மக்கள் சக்தியிடம் சென்றன. மலையகத் தமிழ்ப் பெண்ணான அம்பிகா சாமுவேல் அம்மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். வேறொரு கூரை தென்பட்டவுடன் ஒதுங்கி நின்றோர் பலர் நகர்ந்தனர்.

வெலிமடையின் சிங்களக் கமக்காரரும் இதே பாதையில் வந்தனர் என்பது கருதத்தக்கது. 2021 மே மாதத்து இரசாயனப் பசளைத் தடை மரக்கறிச் செய்கையை நிலைகுலையச் செய்தபோது, 2019இல் கோத்தாபய ராஜபக்ஷவுக்கு வாக்களித்தோர் பலர் ஏமாற்றமுற்றனர். அவர்களை ஈர்க்க ஐக்கிய தேசியக் கட்சிக்கு அரியதொரு வாய்ப்பு இருந்தது. ஆனால் கமக்காரருக்குக் கூற அக்கட்சியிடம் என்ன இருந்தது? உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். இறக்குமதி வரி உயர்ந்தால் கமக்காரன் பிழைப்பான். லயனிலே அதனை வாங்கிச் சமைப்பவள் அல்லலுறுவாள். வரி தாழ்ந்தால் நிலைமை தலைகீழாகும். திறந்த சந்தை என்ற ஒரே விடை இவ்விருவருக்கும் போதாது. கமத்தொழிலுக்குக் காப்பும் தொழிலாளிக்கு வாழ்க்கைச் செலவுக்கேற்ற கூலியும் ஒருங்கே வழங்கும் கொள்கையே இவ்விருவரையும் ஓரணியிற் சேர்க்க வல்லது. நடுநிலை என்பது கண்டெடுக்கப்படும் இடமன்று. இத்தகைய கொள்கையினால் ஆக்கப்படுவது. அந்த ஆக்கப்பணியைக் கட்சி மேற்கொள்ளவில்லை. கமக்காரருக்கு இனவுணர்வும் தொழிலாளிக்கு அச்சமும் போதும் என அது நெடுங்காலம் எண்ணியிருந்தது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். அச்சத்தினாற் பெற்ற வாக்கும் வாக்கே. 1988இலும் 2015இலும் அது ஆட்சியைத் தீர்மானித்ததன்றோ எனலாம். தேர்தலை வெல்வதற்கு அது போதுமானதே. ஆனால் அத்தகைய வெற்றி ஒவ்வொருமுறையும் எதிராளியின் கொடுமையை நம்பியிருக்கின்றது. எதிராளி மாறினாலோ, மூன்றாவது சக்தியொன்று தோன்றினாலோ, கைம்முதல் முழுவதும் ஒரே பருவத்திற் கரைந்துவிடும்.

ஆகவே பழைமை பேணும் கட்சியொன்று நாடளாவிய நடுநிலை வாக்காளரை ஈர்க்க இயலும் என்பதே வரலாறு தரும் விடை. 1977 அதற்குச் சான்று. தீவிரவாதியின் சுலோகத்தை இரவல் வாங்கி அதனைச் சாதிக்க இயலாது; 1956 அதற்குச் சான்று. பெற்றதைப் பேணுவதற்கோ, அளித்த வாக்குறுதி பள்ளத்தாக்கிலுள்ள வயலுக்கும் சரிவிலுள்ள லயனுக்கும் ஒருங்கே சென்றடைய வேண்டும். 1948இற் பறித்ததை நாற்பது ஆண்டுகளின் பின் திருப்பியளித்தமை நன்றிக்குரியதாகலாம். நம்பிக்கைக்கு அது மட்டும் போதாது. இன்று மலையகத்தின் வாக்குகளைப் பெற்றிருப்போருக்கும் இவ்விதி பொருந்தும். தோட்டத் தொழிலாளியின் வாக்கை நிலையான சேமிப்பெனக் கருதிய கட்சி என்ன கதிக்குள்ளானது என்பதை அவர்கள் அறியாதவரல்லர்.