வளர்ச்சியும் பெருக்கமும்: மதுவத்தின் பெரோமோன் பற்றிய ஒரு நோக்கு

மதுவக் கலங்களின் கூடற் பெரோமோனைப் பற்றிச் சுருங்கக் கூறுவோர், "அது கலத்தின் வளர்ச்சியைத் தடுக்கின்றது" என ஒரு வாக்கியத்தோடு அமைவது வழக்கம். மாணாக்கரும் அதனை அவ்வாறே மனனஞ் செய்வர். அவ்வாக்கியத்தின் ஒரு சொல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அப்பம் புளிக்கவும் மது வடிக்கவும் பயன்படும் மதுவம், சக்கரோமைசெசு செரெவிசியே என்னும் நுண்ணுயிராகும். அதன் ஒருமடியக் கலங்கள் 'ஏ' எனவும் 'அல்பா' எனவும் இரு கூடல் வகையினவாம். ஒவ்வொரு வகையும் தனக்குரிய பெரோமோனைச் சூழலிற் சுரந்து மற்றைய வகைக்குத் தன் இருப்பை உணர்த்தும். அல்பா வகை சுரப்பது 13 அமினோவமிலங்களாலான சிறு சங்கிலி. அது 'ஏ' கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிப் புரதத்திற் பொருந்தியதும், கலத்தினுள்ளே செய்தி படிப்படியாகக் கடத்தப்படுகின்றது. இறுதியிற் 'பார்-1' என்னும் புரதம், கலப்பிரிவைத் தொடக்கி வைக்கும் நொதியத்தை அடக்குகின்றது. கலம் தன் டி.என்.ஏ.யை இரட்டிக்கத் தொடங்குமுன்னரே நின்றுவிடுகின்றது. புதிய அரும்பும் தோன்றுவதில்லை.

நின்றது யாது? பிரிவே நின்றது, வளர்ச்சி நின்றிலது. பெரோமோனுக்கு உட்பட்ட கலத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கின், அது முன்னையிலும் பருத்து, ஒரு புறம் கூம்பி, பேரிக்காய் போன்ற வடிவெய்தியிருத்தலைக் காணலாம். அக்கூம்பிய முனை, பெரோமோன் மிகுந்து வருந் திசையை, அஃதாவது துணைக்கலத்தை, நோக்கி நீள்வதாகும். வளராத பொருள் நீளுமாறு யாங்ஙனம்?

1973 ஆம் ஆண்டில் லேலண்ட் ஹாட்வெல் முதலான ஆய்வாளர் இதனை விளக்கியபோது, டி.என்.ஏ. ஆக்கத்தின் தொடக்கத்தில் நிகழும் மீளத்தக்க தடை என்றே வரையறுத்துக் கூறினர். மேலும், 1977 இல் ஜோன்ஸ்டன், பிறிங்கிள், ஹாட்வெல் ஆகியோர், பிரிவு தடைப்பட்ட கலங்களும் தொடர்ந்து பருப்பதைக் காட்டி, வளர்ச்சியும் பிரிவும் வேறுபிரிக்கத்தக்கன என நிறுவினர். ஆகவே குற்றம் மூல ஆய்வினதன்று, சுருக்கியுரைத்தோரதே.

அக்குற்றத்தின் ஊற்று ஆய்வுகூட வழக்கொன்றில் உளது. 'ஏ' கலங்களைத் தட்டில் அடர்த்தியாகப் பரப்பி, நடுவே அல்பாப் பெரோமோனை இட்டால், அவ்விடத்தைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் தோன்றும். அதனை 'வளர்ச்சித் தடை வட்டம்' என்பர். ஆங்கிலத்திற் 'குரோத்' என்னுஞ் சொல் ஒரு கலம் பருத்தலையும், கலங்களின் தொகை மிகுதலையும் ஒருங்கே குறிப்பது. தட்டிற் காணப்படுவது தொகைக் குறைவே. அவ்வட்டத்தினுள் இருக்குங் கலங்களோ பருத்த உடலினவாய்க் கிடக்கும். தமிழில் வளர்ச்சி, பெருக்கம் என இரு தனிச் சொற்கள் உள. ஆங்கிலச் சொல்லின் மயக்கத்தை, அம்மயக்கம் இல்லாத மொழிக்குள் கொணர்ந்து புகுத்துவது மொழிபெயர்ப்பாகாது. இருந்த தெளிவை இழத்தலேயாம்.

இனி, "வளர்ச்சிக்கு யாதொரு ஊறும் இல்லை" என எதிர்த்திசையில் ஓடுவதும் பிழையே. மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அஞ்செலிகா ஆமன் முதலானோர் 2009 இலும் 2013 இலும் வெளியிட்ட ஆய்வுகள், பெரோமோனுக்கு உட்பட்ட கலம் வளரும் வேகம் குறைகின்றதென்பதைக் காட்டின. கலத்தின் அகச்சட்டகமான அத்தின் நார்கள் ஒரு முனையை நோக்கி ஒருங்கமையும்போது, வளர்ச்சியும் அம்முனைக்குக் குவிகின்றது. அதனோடு, புரத ஆக்கத்தை ஆளும் 'ரோர்' என்னும் கட்டுப்பாட்டு வழியும் தளர்கின்றது. ஆகவே பெருக்கம் நிற்கின்றது. வளர்ச்சி திசைமாறி, வேகங் குறைந்து, தொடர்கின்றது. இவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடக்குவோர், இயற்கை வேறாக வைத்தவற்றை ஒன்றாக்கி விடுகின்றனர்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியளவில் அமைவதன்று. வளர்ச்சி நின்றதெனக் கொண்ட மாணாக்கன், பெரோமோனை ஒரு நஞ்செனவே எண்ணுவான். அவ்வெண்ணம் தவறு. 'ஏ' கலங்கள் தாமே சுரக்கும் 'பார்' என்னும் மற்றொரு பொருள், முற்கூறிய தடைப்புரதத்தின் வேறாய நொதியம், அல்பாப் பெரோமோனைச் சிதைக்க வல்லது. துணை கிட்டாதவிடத்துக் கலம் தடையினின்று மீண்டு மறுபடியும் அரும்பும். நஞ்சுண்டு மடிந்ததற்கு மீட்சியில்லை, காத்திருப்பதற்கோ உண்டு. கலம் பெருகுதலை விடுத்து, இருக்கும் ஆற்றலைக் கூடுதற்குத் திருப்புகின்றது என உணர்ந்தவனே அவ்வுயிரின் ஒழுங்கை உணர்ந்தவனாவான்.

ஆதலின் அவ்வாக்கியத்தை, "பெரோமோன் மதுவக் கலத்தின் பெருக்கத்தை நிறுத்தி, வளர்ச்சியைத் துணையின் திசைக்குத் திருப்புகின்றது" எனத் திருத்திக் கற்பித்தல் தகும். சொற்கள் சிலவே மிகும். உண்மை முழுவதும் நிற்கும்.