எத்துப்பல்லும் தெற்றுப்பல்லும்

மேல்வரிசை முன்பற்கள் உதட்டைக் கடந்து முன்தள்ளி நிற்பின் அவற்றை எத்துப்பல் என்பர். இதனையே தெற்றுப்பல் என்பாரும் உளர். இவ்விரண்டும் ஒரே சொல்லின் திரிபுகள் எனக் கொள்வது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

தெற்றுதல் என்பதற்குப் பின்னுதல், இடறுதல் முதலிய பொருள்கள் உள. முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும் காலைத் தெற்றுக்கால் என்பர். அவ்வாறே, வரிசை பிறழ்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல்லே தெற்றுப்பல்லாகும். அது முன்தள்ளி நிற்றல் வேண்டும் என்பதில்லை. பல் மருத்துவமும் பல் நெருக்கத்தையும் பல் முன்தள்ளலையும் வெவ்வேறு குறைகளாகவே கொள்கிறது.

மயக்கத்துக்குக் காரணம் ஒலியொப்புமையே. தமிழகப் பேச்சுவழக்கிற் பெரும்பாலும் 'காற்று' 'காத்து' ஆவதுபோலத் 'தெற்று' 'தெத்து' ஆகிறது. தெத்துப்பல்லும் எத்துப்பல்லும் ஒலியால் நெருங்கவே பொருளும் கலந்தது. யாழ்ப்பாணப் பேச்சிலோ 'பற்று', 'பத்து' ஆகியன இன்றும் வேறுபட்டே ஒலிக்கின்றன. அவ்வழக்கை நோக்குவார்க்குத் தெற்று வேறு, எத்து வேறு என்பது எளிதிற் புலனாகும்.

அங்ஙனமாயின் எத்து என்பது யாது? எத்தன் என்பதில் வரும் வஞ்சகப் பொருள் பல்லுக்கு ஏலாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'எத்து' என்பது உயர்த்துதலைக் குறிக்கும்; தெலுங்கர் இத்தகைய பற்களை 'எத்துப்பள்ளு' என்றே வழங்குவர். பரோ, எமனோ ஆகியோர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961) இவ்வினையைத் தமிழ் 'எடு' என்பதனோடு ஓரினமாக வைக்கிறது. தமிழிலும் 'பல் எடுப்பு' என்னும் வழக்கு உண்டு. எனவே எத்துப்பல் என்பது எடுத்து நிற்கும் பல் எனக் கொள்வதே பொருத்தமாகும். வடமொழியின் 'தந்துர' என்னும் சொல்லும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 'தந்த' என்பதனோடு உயர்ச்சிப் பொருளில் 'உர' விகுதி சேரும் எனப் பாணினி விதிக்கிறார். அவர் அவ்வுயர்ச்சியைச் சுட்ட ஆளும் சொல் 'உன்னத' என்பதாகும்.

ஈண்டுச் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. மூக்கு எடுப்பாயிருப்பின் அழகு என்கிறோம். தோற்றம் எடுப்பாயிருப்பின் கம்பீரம் என்கிறோம். பல் எடுப்பாயிருப்பின் மட்டும் நகைக்கிறோம். உன்னதம் என்பதோ தமிழிற் புகழ்மொழியாகவே நிலைத்துவிட்டது. ஆகவே இழிவு சொல்லின் வேரில் இல்லை. அதனை வழங்கும் சமுதாயத்தின் அழகுக் கோட்பாட்டிலேயே உள்ளது. நாடகத்திலும் திரைப்படத்திலும் புனைகதையிலும் கோமாளிக்கும் கொடியோனுக்கும் எத்துப்பல்லை அடையாளமாக்குவோர், பாத்திரத்தின் அகத்தைப் படைக்கும் உழைப்பைத் தவிர்த்து, மக்களிடையே முன்னரே உள்ள ஏளனத்தைக் கடன்பெறுகின்றனர். அக்கடனைத் தீர்ப்பவர்களோ, பள்ளிப் பருவத்திலேயே வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கப் பழகிக்கொள்ளும் பிள்ளைகளாவர்.

சொல்லாய்வு அகராதிக்கு மட்டும் உரியதன்று. ஒரு சொல்லின் பொருள் எது, அதன்மேல் ஏற்றப்பட்ட பழி எது எனப் பிரித்துக் காட்டுவதும் அதன் கடனாகும்.