அளவையில் தொடங்கிய மரபு

தமிழில் மெய்யியல் கற்பிப்போர் பலர் கடவுள், உயிர், உலகு என்ற வரிசையில் தொடங்குகிறார்கள். நம் பழைய தருக்க மரபு அப்படித் தொடங்கவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கருள் முதலில் பேசுபவன் அளவைவாதி; அளவை என்பது அறிவு பெறும் வழி. அறிவு எவ்வெவ்வழிகளில் கிடைக்கும் என்று அவன் வகுத்த பிறகே மற்றவர்கள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கிறார்கள். அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையை நிறுவப் புகுமுன் பிறர் சொன்ன பத்து அளவைகளையும் எண்ணி, அவற்றைக் காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை (பிறர் சொல்) என்ற மூன்றில் அடக்குகிறார். இந்த வரிசையே சரியானது என்பேன். உலகாயதர் காட்சி ஒன்றையே ஏற்றனர். பௌத்த தருக்கிகள் இரண்டை, சாங்கியர் மூன்றை, நியாயவாதிகள் நான்கை, பாட்ட மீமாம்சகர் ஆறை ஏற்றனர். எது சான்று என்பதிலேயே வேறுபடுவோர் உயிர் உண்டா என்று வழக்காடினால், ஒருவர் காட்டுவது மற்றவருக்குச் சான்றாகாது. அதனால்தான் கண்டதையே நம்பும் பூதவாதியைக் காப்பியத் தலைவி மணிமேகலை அளவையிலேயே மடக்குகிறாள்: பெற்றோர் இவர்தாம் என்பதை அனுமானமின்றி எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அவனிடம் விடையில்லை.

தீர்ப்பை முன்பே எழுதிவைத்துக்கொண்டு நடத்திய வாதம்தானே இது என்று கேட்கலாம். மணிமேகலை பௌத்தத்திலும் சித்தியார் சைவத்திலும் முடியும் என்பது உண்மை. பூதவாதிக்கு மறுமொழி சொல்ல இடம் தரப்படாததும் குறையே. ஆனால் 29ஆம் காதை பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என வாதக் குற்றங்களை விரித்து அடுக்குகிறது. அந்த விதிகளைக் கற்ற வாசகர் அவற்றைக் கொண்டே அந்நூலின் முடிவையும் சோதிக்கலாம். முடிவில் சார்பு இருக்கலாம். அளவுகோல் எல்லாருக்கும் பொது.

இவை பழங்கதை, இன்றைய சிக்கல்கள் வேறு என்பது இன்னொரு மறுப்பு. எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கக் கட்டுரையில், தக்க காரணத்தோடு கொண்ட உண்மையான நம்பிக்கையும் அறிவாகாமல் போகலாம் என்று காட்டினார். எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மோத்தரர் இதை ஒத்த நிலையை முன்பே ஆராய்ந்திருக்கிறார்: கானலைக் கண்டு நீரென்று நம்பி ஒருவன் செல்கிறான், அங்கே பாறையடியில் உண்மையாகவே நீர் இருக்கிறது. அவன் நம்பியது மெய்யானது. ஆனால் அவன் அறிந்தானா? பிறர் சொல்லை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்வது என்று உரையளவை எழுப்பிய கேள்வியையும் சி. ஏ. ஜே. கோடி 1992இல் தனி நூலாகவே விவாதித்தார். மெய்யியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் 27ஆம் காதையையும் கெட்டியரையும் ஒரே வாரத்தில் மாணவர் கையில் கொடுக்க வேண்டும்; கடவுளைப் பற்றிய பாடம் அதற்குப் பிறகு வரட்டும்.